வளைந்து கொடுக்கும் மார்பெலும்பு

கழுத்தும் மார்பும் சேரும் இடத்தில், இரண்டு காறை எலும்புகளுக்கு நடுவே ஒரு குழி இருக்கிறது. அங்கே விரலை வைத்து நேராகக் கீழே இழுத்தால், ஏறக்குறைய 5 செ.மீ. தாண்டியதும் குறுக்காக ஒரு மேடு தட்டுப்படும். மார்பெலும்பின் மேல்துண்டும் நடுத்துண்டும் லேசான கோணத்தில் சேரும் மூட்டு அது. மருத்துவர்கள் விலா எலும்புகளை எண்ணத் தொடங்குவது இங்கிருந்துதான். முதல் விலா காறை எலும்புக்கு அடியில் ஒளிந்திருப்பதால் கைக்குச் சிக்காது. இந்த மேட்டின் இருபுறமும் வந்து சேர்வது இரண்டாவது விலா. உள்ளே அதே மட்டத்தில் மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிகிறது. பெருந்தமனியின் வளைவு தொடங்குவதும் முடிவதும் அங்கேதான்.

இந்த எண்ணிக்கை பிசகினால், இதயத்தின் மின்துடிப்பைத் தாளில் வரைந்து காட்டும் இசிஜியே தப்பாக வரும். வி1, வி2 என்ற இரண்டு மின்முனைகளை, நான்காவது விலா இடைவெளியில், மார்பெலும்பின் வலது இடது ஓரங்களில் ஒட்ட வேண்டும். மேட்டைத் தேடாமல் கண்மதிப்பில் ஒட்டுபவர்கள் பெரும்பாலும் ஓரிரு இடைவெளி மேலே ஒட்டிவிடுகிறார்கள். அப்போது நலமாக இருப்பவரின் தாளிலும், எப்போதோ மாரடைப்பு வந்துபோனதுபோலக் கோடுகள் விழலாம்.

மார்பெலும்பு மூன்று துண்டுகளாலானது. மேலே அகலமான கைப்பிடி, நடுவில் நீண்ட அலகு, அடியில் கூர்முனை. மொத்தம் 15 முதல் 17 செ.மீ. நீளம். பார்வைக்கு ஒரு குத்துவாளைப் போலிருப்பதால்தான் உடற்கூறியலில் இதன் பாகங்களுக்கு வாளை வைத்தே பெயர் சூட்டியிருக்கிறார்கள். அடிமுனை இளமையில் வெறும் குருத்தெலும்பு. நாற்பது வயதை ஒட்டித்தான் மெல்ல எலும்பாக இறுகும். தொப்புளுக்கு மேலே, மேல்வயிற்றில் திடீரென்று ஏதோ கட்டி என்று பதறி வருபவர்களில் சிலருக்குக் கையில் படுவது இந்த முனைதான். அது பிறந்த நாள் முதல் அங்கேயே இருப்பது.

மேலிருந்து ஏழு சோடி விலா எலும்புகள் நேரடியாக மார்பெலும்போடு சேர்கின்றன. ஆனால் எலும்பு எலும்போடு ஒட்டுவதில்லை. ஒவ்வொரு விலாவின் நுனியிலும் குருத்தெலும்பு நீண்டு வந்து இணைக்கிறது. 8, 9, 10 ஆகிய மூன்றும் தமக்கு மேலுள்ள குருத்தெலும்பில் போய்த் தொற்றிக்கொள்கின்றன. கடைசி இரண்டு முன்பக்கம் வருவதே இல்லை. ஆகவே மார்பெலும்பு ஊஞ்சல் பலகை மாதிரி குருத்தெலும்புகளில் தொங்குகிறது. மூச்சை இழுக்கும்போது பலகை முன்னும் மேலுமாக நகர்ந்து, முதுகெலும்புக்கும் அதற்கும் உள்ள இடைவெளியைக் கூட்டுகிறது. அடிபம்பின் கைப்பிடியைத் தூக்குவதோடு உடலியல் ஆசிரியர்கள் இதை ஒப்பிடுவார்கள். கை வைத்துப் பார்த்தாலே தெரியும்.

இதயத்தின் கவசம் என்று இதைச் சொல்வது வழக்கம். ஆனால் இதன் முழுப் பயனும் அழுத்தினால் அமுங்கி, விட்டால் எழும்பும் தன்மையில்தான் இருக்கிறது. நின்றுபோன இதயத்தை வெளியிலிருந்து இயக்க முடிவது அதனால்தான். மார்பைத் திறக்காமலே, மேலிருந்து அழுத்தி ரத்தத்தை ஓட்டலாம் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் மூவரும் 1960இல் எழுதினார்கள். இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்திச் செய்யும் இன்றைய உயிர்காக்கும் முதலுதவிக்கு, அதாவது சிபிஆருக்கு, அடித்தளம் அது. பெரியவர்களுக்கு அழுத்த வேண்டிய இடம் மார்பெலும்பின் கீழ்ப்பாதி. ஆழம் 5 முதல் 6 செ.மீ.; வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. உள்ளங்கையின் அடிப்பகுதி மட்டும் எலும்பின் மேல் பதிய வேண்டும். முழங்கையை மடக்காமல், தோள் நேர் மேலே இருக்க, உடல் எடையால் அழுத்த வேண்டும். கை இன்னும் கீழே இறங்கினால் கூர்முனை கல்லீரலைக் கிழிக்கலாம். பக்கவாட்டில் நழுவினால் விலா ஒடியும்.

பழகியவர்களும் செய்யும் பிழை, அழுத்திய பிறகு கையின் பாரத்தை முழுதாக எடுக்காமல் சாய்ந்தே இருப்பது. பலகை எழும்பும் அந்தக் கணத்தில்தான் இதயத்துக்குள் ரத்தம் திரும்புகிறது. எழும்ப விடாவிட்டால் அடுத்த அழுத்தத்தில் தள்ளுவதற்கு ரத்தம் இருக்காது. இன்னொன்று, இடையில் நிறுத்துவது. இதயத் தமனிகளில் அழுத்தம் பல தடவை அழுத்திய பிறகே மெல்ல ஏறும். நிறுத்தினால் சட்டென்று விழுந்துவிடும். மெத்தையில் கிடத்தினால் அமுங்குவது மெத்தைதான், ஆகவே கெட்டியான தரை வேண்டும். நடுவில் ‘மடக்’ என்று சத்தம் கேட்கலாம். விலாவோ மார்பெலும்போ விரிசல் விட்டிருக்கும். கை சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு தொடர வேண்டியதுதான். ஒடிந்த எலும்பு கூடும், நின்ற இதயம் காத்திருக்காது.

விபத்தில் மார்பெலும்பு முறிவது பெரும்பாலும் காரில். பெல்ட் போடாதவர் ஸ்டீயரிங்கில் மோதுகிறார். போட்டவருக்கும் குறுக்கே வரும் பட்டை எலும்பை ஒடிக்கலாம். இதைச் சாக்காக வைத்து பெல்ட்டைத் தவிர்ப்பது முட்டாள்தனம். பட்டை எலும்போடு நிறுத்துகிறது, ஸ்டீயரிங் நிறுத்துவதில்லை. ஓட்டுநரின் மார்பெலும்புக்கும் ஸ்டீயரிங் நடுவுக்கும் குறைந்தது 25 செ.மீ. இருக்க வேண்டும். அதற்கும் நெருங்கி உட்கார்ந்தால், விரியும் காற்றுப்பையே அடிக்கும்.

முறிவு பொதுவாகக் குறுக்காக, நடுத்துண்டில் அல்லது மேல் மூட்டை ஒட்டி விழுகிறது. நேராக எடுத்த எக்ஸ்ரேயில் முதுகெலும்பின் நிழலில் அது மறைந்துவிடும். பக்கவாட்டுப் படமோ சி.டி. ஸ்கேனோ வேண்டும். எலும்பை விடப் பெரிய கவலை அதற்குப் பின்னால் இருப்பது. மார்பெலும்பை ஒட்டி உட்கார்ந்திருப்பது இதயத்தின் வலது கீழறை. அது கன்றிப்போயிருக்கிறதா என்று அறிய இசிஜியும், இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற புரதத்தின் அளவும் பார்க்கிறார்கள். முதுகெலும்பும் ஒடிந்திருக்கிறதா என்று தேடுவதும் அவசியம். குழந்தைகள் விஷயத்தில் கணக்கு வேறு. அவர்களுடைய குருத்தெலும்பு அவ்வளவு வளைவதால் எலும்பு ஒடியாமலே அடி நுரையீரலுக்குப் போய்விடும். வெளியே காயமில்லை என்பதால் உள்ளே ஒன்றுமில்லை என்று முடிவுகட்டக் கூடாது. முதியவர்களுக்கு நேர்மாறு: குருத்தெலும்பு சுண்ணாம்பேறி விறைத்து, எலும்பும் மெலிந்திருப்பதால் சின்ன அடியிலேயே முறியும்.

வேறு காயமில்லாத முறிவு பெரும்பாலும் தானாகவே 6 முதல் 12 வாரத்தில் கூடிவிடும். மாவுக்கட்டுப் போட முடியாத இடம். வலி மருந்தே இங்கே முக்கிய சிகிச்சை, ஏனென்றால் வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சுவிடுபவரின் நுரையீரல் அடியில் சளி தேங்கி நிமோனியா வரலாம். தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு இருமுவதும், மணிக்கு ஒருமுறை ஆழ மூச்சு இழுப்பதும் அதைத் தடுக்கத்தான்.

அடி எதுவும் படாமல் மார்பெலும்பின் ஓரத்தில் வலி வருவதும் உண்டு. விலாக் குருத்தெலும்பு அழன்றால், விரலால் அழுத்தும்போது அதே வலி திரும்ப வரும். ஆனால் அழுத்தினால் வலிக்கிறது என்பது மட்டும் இதயத்தை விடுவிக்கும் சாட்சியல்ல. வியர்வை, மூச்சுத்திணறல், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி இருந்தால் முதலில் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இந்த எலும்பை வேண்டுமென்றே பிளப்பவர்கள் இதய அறுவை மருத்துவர்கள். ரம்பத்தால் மேலிருந்து கீழ்வரை நடுவே அறுத்து, வேலை முடிந்ததும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளால் இரு பாதியையும் இறுகக் கட்டி முறுக்குகிறார்கள். கம்பிகள் பெரும்பாலும் 6 முதல் 8. எலும்பு ஓரளவு பிடிக்க 6 முதல் 8 வாரம், உறுதிப்பட மூன்று மாதம். அதுவரை கைகளை உடம்போடு ஒட்டியே வைத்துக்கொண்டு வேலை செய்வது நல்லது. கையை விரித்து எடை தூக்கும்போது இரு பாதிகளும் எதிரெதிர்த் திசையில் இழுபடும். படுக்கையிலிருந்து எழும்போது கையை ஊன்றித் தள்ளாமல், ஒரு பக்கமாகப் புரண்டு, காலைத் தொங்கவிட்டு எழ வேண்டும்.

புகைபிடிப்பவர்களுக்கு இருமலால் கம்பி எலும்பை அறுக்கலாம். நீரிழிவு, உடல் பருமன் உள்ளவர்களுக்குக் கிருமித் தொற்றின் அபாயம் அதிகம். மார்பெலும்புக்கு ரத்தம் தரும் உள்மார்புத் தமனியையே பைபாஸுக்கு எடுப்பதும் எலும்பு கூடுவதைத் தாமதிக்கும். இருமும்போது அல்லது புரளும்போது ‘கிளிக்’ என்ற சத்தம், இரு பாதிகள் உரசும் உணர்வு, காயத்தில் கசிவு, காய்ச்சல் ஆகியவற்றில் ஏதாவது தெரிந்தால் அன்றே காட்ட வேண்டும். எல்லாம் சரியாகப் போனால் கம்பிகளை யாரும் எடுப்பதில்லை. தோலுக்கடியில் குத்தித் தொல்லை கொடுத்தால் அந்த ஒன்றை மட்டும் பிறகு உருவிவிடலாம்.