இருபது ரூபாய்ப் பத்திரத்தில் முடியாத திருமணம்

சென்ற மழைக்காலத்தில் ஒரு பெண் என் அலுவலகத்துக்கு வந்தார். மஞ்சள் பையிலிருந்து, நான்காக மடித்த இருபது ரூபாய் முத்திரைத்தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். மடிப்புகள் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. கீழே இருவரின் கையெழுத்து, ஊர்ப் பெரியவர்கள் நால்வரின் சாட்சி, நோட்டரியின் வட்ட முத்திரை. “இருவரும் மனமொத்துப் பிரிந்துகொள்கிறோம். அவரவர் விருப்பப்படி மறுமணம் செய்துகொள்ளலாம். ஜீவனாம்சம் கோரமாட்டேன்.”

“முறையாகத் தீர்த்துவிட்டுத்தான் வக்கீலம்மா இவரைக் கட்டிக்கொண்டேன்” என்றார்.

‘இவர்’ இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. வாரிசுச் சான்றிதழுக்கு மனுக் கொடுத்தபோது, இறந்தவரின் அண்ணன் ஆட்சேபனை எழுதிக் கொடுத்துவிட்டார். முதல் கணவர் உயிரோடு இருக்கிறார், விவாகரத்துத் தீர்ப்பு எங்கே என்பது அவர் கேள்வி. இந்தப் பெண்ணிடம் இருந்தது அந்தத் தாள் மட்டும்தான். அதை நம்பிப் பன்னிரண்டு ஆண்டுகள் குடும்பம் நடத்தியிருக்கிறார்.

1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வருகிற திருமணத்தை நீதிமன்றத் தீர்ப்புதான் முறிக்கும். மாலை மாற்றிக்கொண்ட சுயமரியாதைத் திருமணத்துக்கும் இதே விதிதான். பஞ்சாயத்தில் பேசித் தீர்த்தாலும், காவல் நிலையத்தில் எழுதி வாங்கினாலும் திருமணம் அப்படியே இருக்கிறது. நோட்டரிக்கு விவாகரத்து வழங்கும் அதிகாரம் கிடையாது. சில சமூகங்களில் அறுத்துக்கட்டும் வழக்கம், அதாவது தாலியை அறுத்து உறவை முடித்துக்கொண்டு மறுமணம் செய்யும் வழக்கம், உண்டு. சட்டத்தின் 29ஆம் பிரிவு அதை விட்டுவைத்திருக்கிறது. ஆனால் அந்த வழக்கம் தொன்றுதொட்டு இருந்துவருகிறது என்பதைச் சாட்சிகளோடு நிரூபிக்க வேண்டும். அது லேசான காரியமல்ல.

முதல் திருமணம் முறியாதபோது இரண்டாவது செல்லாது. புகார் எழுந்தால் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கும் இடமிருக்கிறது.

எனக்கு மனம் பொறுக்காத இடம் இன்னொன்று. விடுதலை தராத அதே தாள், பெண்ணின் கையிலிருந்து ஜீவனாம்சத்தைப் பறித்துவிடக்கூடும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவும், 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் இருக்கும் புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவும், பரஸ்பரம் ஒப்புக்கொண்டு பிரிந்து வாழும் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்கின்றன. “மனமொத்துப் பிரிந்துகொள்கிறோம்” என்ற வரியை எதிர்த்தரப்பு வக்கீல் எடுத்து வாசிப்பதை நீதிமன்றத்தில் பலமுறை கேட்டிருக்கிறேன். கூட்டத்தின் நடுவே, அண்ணன் தம்பிகள் அவசரப்படுத்த, படிக்காமலே கையெழுத்திட்ட வரி அது. இத்தனைக்கும், மனமொத்து நீதிமன்றம் வழியாக விவாகரத்துப் பெற்ற பெண்ணுக்கு இந்தத் தடை பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. பிள்ளையின் ஜீவனாம்சம் பிள்ளையின் உரிமை. அதைத் தாய்கூட எழுதிக் கொடுத்துவிட முடியாது.

யாராவது பத்திரத்தை நீட்டினால், “எடுத்துப்போய் ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன்” என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்துக்கே ஊர் கோபப்படும். பட்டுவிட்டுப் போகட்டும்.

உண்மையிலேயே இருவருக்கும் சம்மதம் என்றால் நேர்வழி இருக்கிறது. ஓராண்டு பிரிந்திருந்தால் இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவின் கீழ் குடும்ப நல நீதிமன்றத்தில், அது இல்லாத ஊரில் சார்பு நீதிமன்றத்தில், சேர்ந்தே மனுப் போடலாம். அடுத்து ஆறு மாதக் காத்திருப்பு. மீண்டும் சேர்ந்து வாழ வழியே இல்லாமல், பிள்ளை, பணம் எல்லாம் தீர்ந்திருந்தால் அந்த ஆறு மாதத்தையும் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஏற்கெனவே பத்திரம் எழுதியவர்கள் அதைக் கிழித்துப் போடாதீர்கள். எப்போதிருந்து பிரிந்திருக்கிறீர்கள் என்று காட்ட அது உதவலாம்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்பதுதான் பெரும்பாலான பெண்களைப் பஞ்சாயத்தின் பக்கம் தள்ளுகிறது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் அமர்த்தித் தர வேண்டும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போய் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். போக முடியாதவர்கள் 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம்.

மஞ்சள் பையோடு வந்த பெண்ணுக்கு என்னால் பாதி நல்ல செய்திதான் சொல்ல முடிந்தது. செல்லாத திருமணத்தில் பிறந்தாலும் அந்தப் பிள்ளைகள் சட்டப்படியான பிள்ளைகளே என்கிறது இந்து திருமணச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. தகப்பன் சொத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டு. மனைவி என்று அவரைச் சேர்க்க வழியில்லை. பிள்ளைகள் இருவரின் பெயரை மட்டும் போட்டுப் புதிய மனு தயாரித்தேன். மைனர்களுக்காகத் தாய் என்ற இடத்தில் அவர் கையெழுத்திட்டார்.