கரையாத மருந்தைக் கண்ணாடியாக்கிக் காப்பது எப்படி?

கற்கண்டும் பஞ்சுமிட்டாயும் ஒரே சர்க்கரைதான். கற்கண்டில் மூலக்கூறுகள் வரிசை தப்பாமல் அடுக்காக அமைந்து படிகமாக இறுகியிருக்கின்றன. பஞ்சுமிட்டாயிலோ, உருகிய சர்க்கரை மெல்லிய இழைகளாக வீசப்பட்டு நொடியில் குளிர்ந்துவிடுவதால், அடுக்காக அமைய நேரமின்றி மூலக்கூறுகள் தாறுமாறாக உறைந்துபோகின்றன. ஈரக்காற்று பட்டால் அந்த இழைகள் இளகிச் சுருங்கி, நாளடைவில் மீண்டும் படிகமாகின்றன.

நீரில் எளிதில் கரையாத மருந்துகளிலும் இதுவே நிகழ்கிறது. படிகத்தைக் கரைக்க அதன் கட்டுக்கோப்பை உடைக்கும் ஆற்றல் வேண்டும். படிகமல்லாத, கண்ணாடி போன்ற நிலையில் அந்தக் கட்டுக்கோப்பே இல்லாததால் மருந்து கூடுதலாகவும் விரைவாகவும் கரைகிறது. ஆனால் அந்நிலையில் மிகுந்திருக்கும் அதே ஆற்றல்தான் மருந்தைப் படிகத்தை நோக்கித் திரும்பத் தள்ளவும் செய்கிறது.

படிக மாற்றம் எவ்வளவு கொடியது என்பதை எச்ஐவி மருந்தான ரிட்டோனாவிர் காட்டியது. அபாட் நிறுவனம் 1996-இல் கொண்டுவந்த அதன் கேப்சூல்களில், 1998-இல் அதுவரை அறியப்படாத, மேலும் கரைய மறுக்கும் ஒரு படிக வடிவம் தோன்றியது. கேப்சூல்கள் சந்தையிலிருந்து அகற்றப்பட்டன. அவற்றை நம்பியிருந்த நோயாளிகள் குமட்டும் சுவையுள்ள திரவ மருந்துக்கு மாற வேண்டியதாயிற்று.

பின்னாளில் லோபினாவிரும் ரிட்டோனாவிரும் சேர்ந்த கலெட்ரா மருந்தில் வேறு வழி கையாளப்பட்டது. இரு மருந்துகளையும் கோபோவிடோன் என்ற பாலிமருடன் (நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளாலான பொருள்) சேர்த்து, சூடான திருகு இயந்திரத்தில் உருக்கிப் பிசைந்து, வெளிவரும் குழம்பைக் கண்ணாடியாக உறையும்படி குளிரவைத்து, பொடித்து மாத்திரையாக அழுத்தினார்கள். 2005-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இந்த மாத்திரைக்கு, முந்தைய கேப்சூலுக்குத் தேவைப்பட்டதுபோலக் குளிர்பெட்டி தேவைப்படவில்லை. நாளொன்றுக்கு ஆறு கேப்சூல் என்பது நான்கு மாத்திரையாகவும் குறைந்தது. குளிர்பெட்டியே இல்லாத வீடுகள் மிகுந்த வெப்ப நாடுகளுக்கு இது எத்தனை பெரிய உதவி!

பாலிமர் செய்யும் காவல் பலவகைப்பட்டது. ஒவ்வொரு கண்ணாடிப் பொருளுக்கும், அதற்கு மேல் சூடேறினால் மூலக்கூறுகள் தாராளமாக நகரத் தொடங்கும் ஒரு வெப்பநிலை உண்டு. மருந்தின் அந்த எல்லையைவிடப் பாலிமரின் எல்லை உயர்ந்திருப்பதால், கலவையின் எல்லையும் உயர்கிறது. அந்த எல்லைக்குச் சுமார் 50 பாகை கீழே சேமிப்பது நல்லது என்பது துறையினரின் கைக்கணக்கு. பல கலவைகளில் பாலிமர் ஹைட்ரஜன் பிணைப்பால் மருந்தைப் பற்றிக்கொண்டு, மருந்து மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கூடுவதையும் தடுக்கிறது. குடலில் கரைந்த பிறகும், அளவுக்கு மிஞ்சிக் கரைந்திருக்கும் மருந்து உடனே வீழ்படிவாகாமல், உறிஞ்சப்படும்வரை தாங்கி நிற்க உதவுகிறது.

இதற்கு விலையும் உண்டு: பாலிமர் கூடக்கூட மாத்திரை பெரிதாகும், குறைத்தால் காவல் தளரும். எல்லாவற்றிலும் மோசமான எதிரி ஈரம்தான். உள்ளே புகும் சிறிதளவு நீர்கூடக் கலவையை இளக்கி, மூலக்கூறுகளுக்கு நகர இடம் கொடுத்துவிடுகிறது. ஆகவேதான் இத்தகைய மாத்திரைகளை 40 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் 75 சதவீத ஈரப்பதத்திலும் ஆறு மாதம் வைத்து, படிகத்தின் கூரிய முகடுகள் ஒன்றாவது தலைகாட்டுகிறதா என்று எக்ஸ்-கதிர் வரைபடத்தில் தேடிப் பார்க்கிறார்கள்.