கிளியர் அடித்த பிறகு காட்டச் சொல்லுங்கள்

போன மாதம் ஒரு பையன் ஆர்எக்ஸ் 100 பைக்கின் பெட்ரோல் டேங்க் ஒன்றைப் பழைய வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தான். பிரித்துப் பார்த்தால் பழைய அலுமினியத் தூக்குச்சட்டி நிறத்தில் மங்கிக் கிடந்தது. "வீடியோல கண்ணாடி மாதிரி இருந்துச்சுங்ணா. நானும் அதே குரோம் ஸ்ப்ரே டப்பாதான் வாங்கினேன். கிளியர் அடிச்சதும் இப்படி ஆயிடுச்சு" என்றான். மூன்று டப்பாவும் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் அதில் போயிருந்தன.

கோவையில் 16 வருடமாக வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கிறேன். இப்படிப்பட்ட டேங்க் என்னிடம் அடிக்கடி வருகிறது. பையன் பொய் சொல்லவில்லை, வீடியோவும் பொய்யில்லை. ஆனால் அந்த வீடியோ கிளியர், அதாவது பெயின்ட்டைப் பாதுகாக்க மேலே அடிக்கும் நிறமில்லாத பூச்சு, அடிப்பதற்கு முந்தைய நிமிடத்தோடு முடிந்துவிடுகிறது.

உண்மையான குரோம் என்பது மின்முலாம். செம்பு, நிக்கல், அதன் மேல் மிக மெல்லிய குரோமியம் என்று தொட்டியில் முக்கி எடுப்பது. ஸ்ப்ரே டப்பாவில் குரோமியமே கிடையாது, இருப்பது அலுமினியச் செதில்கள். சாதாரண சில்வர் பெயின்ட்டில் இந்தச் செதில்கள் தடியாக, தாறுமாறாகக் கிடக்கும். நல்ல மிரர் குரோம் பெயின்ட்டில் ஒரு செதிலின் தடிமன் மைக்ரானில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அவை எல்லாம் ஒரே மட்டத்தில், குளத்து நீரில் இலை படுத்திருப்பதுபோலப் படிந்தால்தான் முகம் தெரியும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால், இந்த வேலையில் எது ஏன் கெடுகிறது என்பது தானாகப் புரியும்.

செதில் தட்டையாகப் படுக்க, அடியில் இருக்கும் பரப்பும் தட்டையாக இருக்க வேண்டும். என் வேலை நேரத்தில் முக்கால்வாசி அடியில் போகும் கறுப்புக்குத்தான் செலவாகிறது. பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, 800, 1000 வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, அதன் மேல் 2கே பளபளப்புக் கறுப்பு, அதாவது இறுகவைக்கும் ஹார்டனரைக் கலந்து அடிக்கும் பெயின்ட். மேட் கறுப்பு இதற்கு உதவாது. கறுப்பு காய்ந்ததும் டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்துப் பாருங்கள். விளக்கின் விளிம்பு நேர்க்கோடாகத் தெரிந்தால் சரி. ஆரஞ்சுத் தோல்போல நெளிந்தால் 2000 தாளில் தேய்த்து இன்னொரு முறை கறுப்பு அடியுங்கள். கறுப்பில் கண்ணுக்குப் படாத ஒரு தூசி, குரோமில் கொசு உட்கார்ந்ததுபோலத் தெரியும். கையால் தொடக்கூடாது, விரல் ரேகைகூட மேலே வந்துவிடும். நான் குறைந்தது ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுத்தான் குரோமைத் தொடுவேன்.

அடிக்கும்போது எல்லோரும் செய்யும் தப்பு, அதிகமாக அடிப்பது. ஸ்ப்ரே கன்னில் காற்றைக் குறைத்து வையுங்கள். ஏர்பிரஷ் என்றால் 15 முதல் 20 பிஎஸ்ஐ போதும். டப்பா என்றால் உள்ளே குண்டு உருளும் சத்தம் வந்த பிறகும் இரண்டு நிமிடம் குலுக்கி, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, பனி விழுவதுபோல மூன்று நான்கு மெல்லிய கோட். கறுப்பு மெல்ல மறைந்து கண்ணாடி எழும்பி வரும். அந்த இடத்தில் கையை நிறுத்திவிட வேண்டும். 'இன்னும் ஒரு கோட் அடித்தால் இன்னும் மின்னும்' என்று தோன்றும். மின்னாது, சாம்பல் நிறத்துக்குத் திரும்பிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நான் இந்த வேலையை எடுப்பதே இல்லை. காற்றின் ஈரம் மேலே படிந்து வெண்மை தட்டிவிடும். கம்ப்ரசரில் காற்றின் ஈரத்தைப் பிடித்து நிறுத்தும் வாட்டர் டிராப் இல்லாதவர்களுக்கு எந்த மாதத்திலும் இந்தச் சிக்கல் உண்டு.

இனி கிளியர். அதிலிருக்கும் கரைப்பான் குரோமைத் திரும்ப இளக்குகிறது. படுத்திருந்த செதில்கள் அசைந்து எழுந்துகொள்கின்றன, கண்ணாடி சில்வர் ஆகிவிடுகிறது. பையனுக்கு நடந்தது இதுதான். கிளியரே வேண்டாம் என்று விட்டால், துணி பட்டாலே அழியும், பெட்ரோல் ஒரு சொட்டுச் சிந்தினால் வழிந்தோடும். ஆகவே டேங்குக்கு 2கே கிளியர் கட்டாயம். குரோமை இரண்டு நாளாவது காயவிட்டு, முதல் இரண்டு கோட்டை தூவுவதுபோல உலர்வாக அடித்து, இடையில் நேரம் கொடுத்து, அப்புறம்தான் ஈரக் கோட். இவ்வளவு செய்தாலும் பளபளப்பு கொஞ்சம் குறையும். குறையவே குறையாது என்று யாராவது சொன்னால், கிளியர் அடித்து ஒரு மாதம் ஆன சாம்பிள் துண்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

கிளியருக்குப் பிறகும் முகம் தெரிய வேண்டும் என்றால் வழி வேறு: வெள்ளி படிய வைப்பது. பிளஸ் டூ வேதியியல் லேபில் டாலன்ஸ் சோதனையில் சோதனைக்குழாயின் உள்சுவர் கண்ணாடியாக மாறியது ஞாபகம் இருக்கிறதா? அதே வினைதான். பரப்பை வெள்ளீயக் குளோரைடு கரைசலால் நனைத்துக் கழுவி, இரட்டை மூக்கு கன்னில் ஒரு பக்கம் அம்மோனியா சேர்ந்த வெள்ளி நைட்ரேட், மறுபக்கம் அதிலிருந்து வெள்ளியை உலோகமாகப் பிரிக்கும் ஒடுக்கும் கரைசல் என்று இரண்டையும் ஒன்றாகப் பீய்ச்சினால் சில நொடிகளில் வெள்ளி படியும். தண்ணீர்தான் இதில் உயிர். போர் தண்ணீரில் உள்ள குளோரைடு வெள்ளியோடு சேர்ந்து பால்போல் திரியும். சிறுவாணித் தண்ணீரே ஆனாலும் குழாயில் வருவது குளோரின் கலந்ததுதான், ஆகாது. டிமினரலைஸ் செய்த, அதாவது உப்புகள் நீக்கிய தண்ணீர் மட்டுமே. இதற்குச் செலவு பல மடங்கு. ஒரு எச்சரிக்கை: கலந்த வெள்ளிக் கரைசலை மிச்சம் பிடித்து வைக்காதீர்கள். நின்றுபோன அம்மோனியா-வெள்ளிக் கரைசலில் வெடிக்கும் பொருள் உருவாகும். அன்றைக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்கள்.

எச்சரிக்கை என்று வந்ததால், இந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமானதையும் சொல்லிவிடுகிறேன். 2கே ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. பெரிதாக மணக்காது, அதனால் பயமும் வராது. ஆனால் நுரையீரல் ஒரு தடவை அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு துளி பட்டாலும் ஆஸ்துமாபோல மூச்சு திணறும். என்னோடு தொழில் பழகிய ஒருவர் முகத்தில் கைக்குட்டை கட்டித்தான் அடிப்பார். நாற்பது வயதில் பெயின்ட் கடை வாசலில்கூட அவரால் நிற்க முடியவில்லை. இப்போது வேறு தொழிலுக்குப் போய்விட்டார். வெளியிலிருந்து குழாயில் நல்ல காற்று வரும் மாஸ்க்தான் சரியானது. அது இல்லாமல் வீட்டு மொட்டை மாடியில் 2கே அடிக்க வேண்டாம் தம்பிகளே, அந்த ஒரு கோட்டைப் பட்டறையில் கொடுத்து அடித்துக்கொள்ளுங்கள்.

சைலன்சருக்கு இந்தப் பெயின்ட் நிற்காது, சூட்டில் பழுத்து உரியும். அதற்கும் கைப்பிடிக்கும் மின்முலாம்தான். ஹெல்மெட்டிலும் வேண்டாம், தின்னர் சில ஓடுகளைப் பலவீனமாக்கிவிடும். முழு வண்டியின் நிறத்தை மாற்றுவதாக இருந்தால், ஆர்சியில் நிறமும் பதிவாகியிருப்பதால் முதலில் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

அந்தப் பையனின் டேங்கை தகடுவரை சுரண்டி முதலிலிருந்து ஆரம்பித்தோம். டேங்கின் மேல்பக்கம் குரோம் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். மதிய வெயில் அதில் பட்டு ஓட்டுபவன் கண்ணிலேயே அடிக்கும். இரண்டு பக்கமும் குரோம், மேலே கறுப்பு. கிளியர் அடித்து ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டேன். டேங்கைக் குனிந்து பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டான்.