மணி அடித்தால் வெளியே விடுங்கள்

இந்த மாதத்தில் இவன் மூன்றாவது பையன். எட்டு வயது. "ஒரு இடத்துல உட்காரவே மாட்டேங்கிறான் டாக்டர், வகுப்புல தினமும் புகார்" என்று அம்மா சொல்லச் சொல்ல, அவன் எடை பார்க்கும் மெஷினில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தான்.

"இடைவேளையில என்ன விளையாடுவே தம்பி?"

"எழுதி முடிக்காதவங்க வெளியே போகக் கூடாது."

அம்மாவுக்கே அப்போதுதான் தெரியும். தூக்கம், பார்வை, காது எல்லாம் சோதித்தேன். அவற்றைப் பார்க்காமல் இந்தப் புகாருக்குப் பதில் சொல்லக் கூடாது. எல்லாம் சரியாகவே இருந்தன.

துறுதுறுவென்று இருக்கும் பிள்ளையை உட்காரவைத்தே அடக்கிவிடலாம் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ! பசித்து அழும் பிள்ளையிடமிருந்து தட்டைப் பிடுங்குவது மாதிரி இருக்கிறது. காலையிலிருந்து பெஞ்சில் கிடக்கும் உடம்பு அசையத்தான் கேட்கும். இடைவேளையையும் பறித்தால் அடுத்த பீரியடில் பென்சில் உருளும், பெஞ்ச் ஆடும், பக்கத்துப் பையன் முதுகில் ஒரு அடி விழும். அதற்குத் தண்டனை? நாளைய இடைவேளையும் போச்சு. இதில் மாட்டுவது பெரும்பாலும் மெதுவாக எழுதும் பிள்ளைதான். கை ஓய்ந்துபோனவனை இன்னும் எழுதச் சொன்னால் வேகம் எங்கிருந்து வரும்? தண்டனைக்காகவோ பாடத்துக்காகவோ இடைவேளையைப் பறிக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2013-லேயே சொல்லிவிட்டது.

"அதான் பி.டி. பீரியட் இருக்கே" என்பார்கள். 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம், மூச்சு வாங்கும் அளவுக்கு உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்தில் ஓரிரு பீரியட் எந்த மூலைக்கு? அதிலும் பாதி வரிசையில் நிற்பதிலேயே போய்விடும்.

ஆசிரியர்களே, நான்கு பந்தும் சில ஸ்கிப்பிங் கயிறும் கொடுங்கள், போதும். பெரிய பையன்களின் பந்தாட்டம் மைதானம் முழுவதையும் பிடித்துக்கொண்டால் சின்னப் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் சுவரோரம் ஒதுங்கிவிடுவார்கள். அவர்களுக்கென்று ஒரு பகுதியைப் பிரித்துவிடுங்கள். "ஓடாதே, விழுந்துடுவே" என்று கத்தாதீர்கள். விழட்டும், சிராய்த்த முட்டிக்கு மருந்து போடுவது எங்களுக்குப் பெரிய வேலையில்லை.

வீசிங் இருக்கிற பிள்ளையை ஓரமாக உட்காரவைக்காதீர்கள். சரியான மருந்தில் இருந்தால் பெரும்பாலானவர்கள் நன்றாகவே ஓடுவார்கள். இன்ஹேலர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள். ஓடும்போது நெஞ்சு வலித்தாலோ மயங்கி விழுந்தாலோ ஆட்டத்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் காட்டுங்கள், அதில் அலட்சியம் வேண்டாம்.

அப்புறம், பெற்றோர்களே. மார்க்கைக் கேட்பதற்கு முன்னால் "இன்னைக்கு வெளியே விட்டாங்களா?" என்று கேளுங்கள். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் இல்லை என்றால் ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். சண்டை போட வேண்டாம், அவருக்கும் பாடம் முடிக்கும் நெருக்கடி இருக்கிறது. முடிக்காததை வீட்டுக்குக் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள்.