நூலில் ஆடும் நட்டும் கம்பத்துக்கு மேல் போகும் பந்தும்

“சார், பெனால்டி அடிச்சா மட்டும் இவன் பந்து கம்பத்துக்கு மேல போயிடுது. அதான் ஈப்போவுல ஹிப்னோதெரபி பண்றவர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். முதல் நாளு தூங்கவே வைக்கல. ஒன்றரை மணி நேரம் கேள்வியா கேட்டாரு. கடைசில நூல்ல ஒரு நட்டைக் கட்டி இவன் கையில குடுத்தாரு. அது தானா ஆடுது! நம்ம கெழவிங்க குறி பார்க்கிற மாதிரிதானே சார் இது?”

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட் சந்தையில் மீன் வெட்டிக் கொடுக்கும் வரை காத்திருந்தபோது வந்த கேள்வி. கேட்டவர் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் என்னிடம் படித்தவர். பக்கத்தில் நின்ற மகனுக்குப் பதினாறு வயது. அம்மா பேசப் பேச அவன் கெளுத்தி மீனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹிப்னோதெரபி என்பது மனோவசியத்தை வைத்துச் செய்யும் சிகிச்சை. மனோவசியத்தை இரண்டு வரியில் முடித்துவிடலாம். ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டு 1843இல் எழுதிய புத்தகம்தான் ‘ஹிப்னாடிசம்’ என்ற சொல்லைப் பரப்பியது. கிரேக்க மொழியில் தூக்கத்துக்கான சொல்லிலிருந்து வந்த பெயர், ஆனால் அதில் தூக்கம் கிடையாது. கவனம் ஒரே இடத்தில் குவிந்து, சொல்வதை மனமும் உடம்பும் சுலபமாக ஏற்றுக்கொள்ளும் நிலை அது. பெயர் பொருந்தவில்லை என்று பிரெய்டுக்கே பிற்பாடு தோன்றியது. அதற்குள் ஊரெல்லாம் ஒட்டிக்கொண்டது.

சரி, அந்த ஒன்றரை மணி நேரக் கேள்விகள்? வலிப்பு உண்டா, இல்லாத குரல் காதில் கேட்குமா, என்ன மருந்து சாப்பிடுகிறான், தூக்கம் எப்படி, நெஞ்சு படபடப்பு ஆட்டத்தில் மட்டுமா வீட்டிலுமா. மனநோய் இருப்பவருக்கு இது ஆகாமல் போகலாம். இரத்தசோகையும் தைராய்டுக் கோளாறும் பயத்தைப் போலவே வேஷம் கட்டி வரும். முக்கியமான கேள்வி, எங்காவது வலிக்கிறதா என்பது. மனோவசியத்தால் வலியின் உறைப்பைக் குறைக்க முடியும். கிழிந்த தசைநார் உள்ளவனுக்கு அதைச் செய்தால் மறுநாள் அந்தக் காலாலேயே உதைப்பான், மிச்சமும் கிழியும். முதல் நாளே ஆளை மயக்கத்தில் ஆழ்த்துபவரிடம் நான் என் வீட்டுப் பூனையைக்கூட அனுப்ப மாட்டேன்.

இனி அந்த நட்டு. என் பெரியம்மா தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பிள்ளைத்தாய்ச்சிகளின் வயிற்றுக்கு மேல் மோதிரத்தை நூலில் தொங்கவிடுவார். நேராக ஆடினால் ஆண், வட்டமடித்தால் பெண். பாதிக்குப் பாதி சரியாக வரும். இரண்டில் ஒன்றுதானே, வராமல் எங்கே போகும்?

பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் செவ்ரெல் இதே விளையாட்டை 1812 வாக்கில் பாதரசத்துக்கு மேல் ஓர் இரும்பு வளையத்தைத் தொங்கவிட்டு ஆராய்ந்தார், 1833இல் எழுதி வெளியிட்டார். (102 வயது வரை வாழ்ந்த மனிதர், அவசரமே படவில்லை.) கையை ஒரு கட்டையில் தாங்கக் கொடுத்தார், தாங்கல் விரலை நெருங்க நெருங்க ஆட்டம் குறைந்து நின்றது. கண்ணைக் கட்டிக்கொண்டார். வளையத்துக்கும் பாதரசத்துக்கும் நடுவில் கண்ணாடித் தகட்டை உதவியாளர் நீட்டினாலும் எடுத்தாலும் எந்த மாற்றமும் இல்லை. சக்தி பாதரசத்தில் இல்லை, பார்க்கிற கண்ணிலும் பிடித்த விரலிலும் இருக்கிறது.

எப்படி? 25 சென்டிமீட்டர் நூலில் தொங்கும் நட்டு ஒரு முறை போய்வர ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். உயிருள்ள எந்த விரலும் முழுசாக அசையாமல் இருக்காது. ‘முன்னும் பின்னும்’ என்று நினைத்தாலே, அந்தப் பக்கத்துக்கான தசைகள் நமக்கே தெரியாத அளவில் இழுக்கும். சாரோங் தொட்டிலை நினைத்துப் பாருங்கள். பாதித் தூக்கத்தில் இருக்கும் தாய் கால் கட்டைவிரலால் தள்ளுவாள். தொட்டில் திரும்பும் அதே நொடியில் தள்ளுவதால் ஒவ்வொரு தள்ளலும் முன்னதோடு சேர்ந்து கொஞ்ச நேரத்தில் பிள்ளை வீசி ஆடும். நூலிலும் அதே கதைதான். கண் நட்டைப் பார்க்கிறது, விரல் அந்தத் தாளத்துக்குத் தள்ளுகிறது, ஆள் மட்டும் ‘நான் ஒண்ணும் செய்யலயே’ என்று சத்தியம் செய்கிறார். பொய்யும் இல்லை.

இதைத் திருப்பிப் போட்டதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை. அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னரும் கூட்டாளிகளும் 1998இல் ஆட்களிடம் நூலைக் கொடுத்து, ‘இந்தப் பக்கமாக மட்டும் ஆடக்கூடாது’ என்றார்கள். அந்தப் பக்கமாகத்தான் அதிகம் ஆடியது. மனத்துக்கு வேறு ஒரு வேலை கொடுத்தபோது இன்னும் மோசம். கோல்ஃப் பந்தைக் குழிக்கு உருட்டுபவர்களிடம் ‘குழியைத் தாண்டிப் போகக்கூடாது’ என்று சொல்லி, ஓர் ஆறிலக்க எண்ணையும் நினைவில் வைக்கச் சொன்னார்கள். பந்து தாண்டிப் போனது.

வெக்னரின் விளக்கத்தை நம் ஊர்ப் பாணியில் சொன்னால், மண்டைக்குள் ஒரு லோரி ஓட்டுநரும் ஒரு ஜாகாவும் (காவல்காரரும்) இருக்கிறார்கள். ஓட்டுநர் நாம் விரும்பும் திசையில் வண்டியைக் கொண்டுபோவார், ஆனால் சீக்கிரம் களைப்பார். ஜாகாவின் வேலை, வேண்டாத ஆள் வருகிறானா என்று பார்ப்பது. அதற்கு அந்த ஆளின் முகத்தை எப்போதும் நினைத்துக்கொண்டே இருக்கவேண்டும். கூட்டம் கத்தி, வயிறு கலங்கி, ஓட்டுநர் தடுமாறும்போது ஜாகா மட்டும் விழித்திருக்கிறார். அவர் மனத்தில் இருப்பதோ அந்த ஒரே முகம்.

நூல் ஆடியதால் மட்டும் பையன் மனோவசியத்துக்கு ஏற்றவன் என்று ஆகிவிடாது. அநேகமாக எல்லார் கையிலும் ஆடும். சரியாக அளக்க வேண்டுமானால் ஸ்டான்ஃபோர்டு அளவுகோல் இருக்கிறது. 1962இல் வந்த அதன் சி வடிவத்தில் 12 சோதனைகள். அதில் ஒன்று, இல்லாத கொசு கையைச் சுற்றுவதாகச் சொல்லி, ஆள் அதை விரட்டுகிறாரா என்று பார்ப்பது. செம்பனைக்கு நடுவில் உள்ள நம் ஊரில் அந்த மதிப்பெண்ணை நம்ப முடியாது! 25 ஆண்டு கழித்து மறுபடி சோதித்தபோதும் ஆட்கள் பெரும்பாலும் பழைய மதிப்பெண்ணை ஒட்டியே இருந்தார்கள் என்று 1989இல் ஓர் ஆய்வு வந்தது. இது ஏறக்குறைய உயரத்தைப் போல ஒரு குணம். விளையாட்டில் மனோவசியம் பற்றி நடந்த ஆய்வுகளில் பல விரல்விட்டு எண்ணக்கூடிய வீரர்களை வைத்துச் செய்தவை. அதை நம்பி ஆயிரக்கணக்கில் ரிங்கிட்டைக் கொட்டாதீர்கள். புக்கிட் ஜாலிலில் உள்ள தேசிய விளையாட்டுக் கழகத்தில் உளவியலாளர்கள் இருக்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் பெரிய அளவில் ஆடுகிறவர்களுக்குத்தான் அந்தக் கதவு. தோட்டத் திடலில் வெறுங்காலோடு ஆடுகிறவனுக்கு யார் இருக்கிறார்கள்? ஆயிரம் பேரை வைத்து ஆராய அரசாங்கம் பணம் ஒதுக்கலாம், மைதானத்துக்கு வர்ணம் அடிப்பதைவிட அது மேல்.

சந்தையிலேயே பையனிடம் கேட்டேன். “உதைக்கிறதுக்கு முன்னாடி மனசுல என்னப்பா சொல்லிக்குவ?”

கெளுத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். “மேல போயிடக்கூடாது, மேல போயிடக்கூடாதுன்னு.”

“ஈப்போக்காரரும் இதையேதான் சார் கேட்டாரு,” என்றார் அம்மா. “எழுதி வச்சிக்கிட்டாரு. ஆனா அடுத்த தடவை வரும்போது முட்டி வலிக்கு டாக்டர் சீட்டு கொண்டு வந்தாத்தான் மேற்கொண்டு பார்ப்பேன்னுட்டாரு.”

முட்டி வலிக்கிறது என்பதே அம்மாவுக்கு அன்றுதான் தெரியுமாம்.