25 மெகாபைட் பெட்டிக்குள் 20 ஏன் அடங்கவில்லை?

பட்டர்வொர்த் வாசகர் ஒருவரின் கேள்வி: தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டறிக்கை 20 மெகாபைட். மின்னஞ்சலின் வரம்பு 25. ஆனாலும் 'அளவு மீறியது' என்று திரும்பி வருகிறது. ராகு காலம் கழித்து அனுப்பும்படி சங்கத்தில் யோசனை சொன்னார்களாம். சர்வர் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை ஐயா, பைட்டை மட்டும்தான் எண்ணுகிறது.

மின்னஞ்சலைச் சுமந்து செல்லும் எஸ்எம்டிபி விதிமுறை 1982இல் வந்தது. 7 பிட் குறிகளைத்தான் அது அறியும்: ஆங்கில எழுத்து, எண், நிறுத்தக்குறி, திரையில் தெரியாத கட்டுப்பாட்டுக் குறி என்று மொத்தம் 128. படங்களும் பிடிஎஃப் கோப்புகளும் 8 பிட் பைட்டுகளால் ஆனவை. இவற்றை அந்தக் குறுகிய வழியில் அனுப்ப 1992இல் நத்தானியேல் போரன்ஸ்டீனும் நெட் ஃபிரீடும் மைம் விதிமுறையை வகுத்தார்கள். போரன்ஸ்டீன் அப்போது இருந்தது தொலைபேசி நிறுவனங்கள் சேர்ந்து நடத்திய பெல்கோர் ஆய்வகத்தில்.

மைம் பயன்படுத்தும் பேஸ்64 முறை எனக்கு அலுப்பதே இல்லை. 3 பைட்டுகள் என்றால் 24 பிட்டுகள். அவற்றை ஆறாறாக வெட்டினால் நான்கு துண்டுகள். 6 பிட்டில் 64 மதிப்புகள்தான் உண்டு; ஆங்கிலப் பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, எண் 10, கூட்டல் குறி, சாய்கோடு என 64 குறிகள் போதும். நம் 'அ'வையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் அது 3 பைட்: 11100000 10101110 10000101. இதை வெட்டினால் 111000, 001010, 111010, 000101. அதாவது 56, 10, 58, 5. பேஸ்64 அட்டவணையில் பார்த்தால் 4, கே, 6, எஃப். இடைவெளியில்லாத தமிழ்ச் சொல் எதுவானாலும் முதல் இரண்டு குறிகள் 4, கே என்பவைதான்! உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் தமிழுக்கென்று ஒதுக்கிய இடம் அப்படி.

மூன்று நான்காவதால் 20 மெகாபைட் 26.7 ஆகிறது. 76 குறிகளுக்கு ஒருமுறை வரி முறிக்க இரண்டு பைட் வேறு, 27.4. பல சர்வர்கள் இந்த வீங்கிய அளவைத்தான் வரம்போடு ஒப்பிடும். 8 பிட்டை ஏற்கும் சர்வர்கள் பெருகிவிட்ட பிறகும் இணைப்புக் கோப்புகள் இப்படியே பயணிக்கின்றன.

உலாவியில் கோப்பைப் பதிவேற்றும்போதே நின்றுவிட்டால் கதை வேறு. அங்கே பேஸ்64 இன்னும் தொடங்கவில்லை. தடுப்பது இணையச் சர்வர். 413 என்ற பிழை எண் வந்தால் அதன் வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். நிறுவியபடியே விட்டால் என்ஜின்எக்ஸ் என்ற இணையச் சர்வர் மென்பொருள் 1 மெகாபைட்டையும், அதன் பின்னால் இயங்கும் பிஎச்பி என்ற நிரல்மொழி ஒரு கோப்புக்கு 2 மெகாபைட்டையும்தான் அனுமதிக்கும். சங்கமே சொந்தமாக நடத்தும் மின்னஞ்சல் என்றால் நிர்வாகியிடம் இரண்டின் வரம்புகளையும் உயர்த்தச் சொல்லுங்கள். வெளி நிறுவனத்தின் சேவை என்றால், அறிக்கையிலுள்ள படங்களைச் சுருக்கி 18 மெகாபைட்டுக்குள் கொண்டுவாருங்கள்.