பி3 ஆடும் பிள்ளைகளுக்கு ஒரு 17 நகர்த்தல் ஆட்டம்

செஸ் போட்டி முடிந்து வெளியே வரும் பிள்ளைகளிடம், நகர்த்தல்களை எழுதிவைக்கும் ஸ்கோர் ஷீட்டை வாங்கிப் பார்ப்பது என் வழக்கம். இப்போதெல்லாம் முதல் நகர்த்தலே பி3, அதாவது பி வரிசைச் சிப்பாயை ஒரு கட்டம் முன்னால் தள்ளுவது, என்று நிறையப் பேர் ஆடுகிறார்கள். "எதிராளி படிச்சுட்டு வந்த தியரி இதுல செல்லாது சார்" என்பார்கள். தியரி என்றால் முன்கூட்டியே மனப்பாடம் செய்த தொடக்க நகர்த்தல்கள். சரிதான். ஆனால் பன்னிரண்டு நகர்த்தல் போன பிறகும் ராஜா தொடங்கிய கட்டமான இ1இலேயே நிற்கும். கேட்டால், "சண்டைதான் இன்னும் ஆரம்பிக்கலையே!" அந்த நினைப்புதான் எனக்குக் கவலை.

அவர்களுக்கு நான் பலகையில் வைத்துக் காட்டுவது 1970இல் பெல்கிரேடில் நடந்த ஆட்டம். சோவியத் அணிக்கும் உலக அணிக்கும் பத்துப் பலகைகளில் போட்டி. இரண்டாவது சுற்றில், முதல் பலகையில் டென்மார்க்கின் பென்ட் லார்சன் வெள்ளையில் பி3 ஆடினார். எதிரே உலக சாம்பியன் போரிஸ் ஸ்பாஸ்கி. 17 நகர்த்தலில் லார்சன் தோற்றார்.

லார்சனின் குதிரை எஃப்3, டி4, சி6 என்று மூன்று முறை குதித்து வெட்டுப்பட்டது. அதற்குள் கறுப்புச் சிப்பாய் இ4இல் ஊன்றிவிட்டது. ஒன்பதாவது நகர்த்தலில் ஸ்பாஸ்கி, ராஜாவை யானையோடு சேர்த்து ஓரமாகப் பாதுகாப்பாக நகர்த்தும் கேஸ்லிங்கையும் முடித்துவிட்டார். பத்தாவதாக லார்சன் எஃப்4 தள்ளினார். ராஜாவுக்கு முன்னால் இருந்த கதவைத் தானே திறந்துவிட்டது போல. உடனே கறுப்புக் குதிரை ஜி4இல் வந்து உட்கார்ந்தது. ராணி எச்4இல் செக் வைக்காமலிருக்க லார்சன் ஜி3 ஆட, ஸ்பாஸ்கி எச்5. குதிரையை விரட்ட எச்3 வந்தது. ஸ்பாஸ்கி குதிரையை நகர்த்தவே இல்லை, எச்4 என்று சிப்பாயைத் தள்ளினார். குதிரை வெட்டுப்பட்டது, பதிலுக்கு அந்தச் சிப்பாய் வெட்டிக்கொண்டு ஜி3க்கு வந்தது. லார்சன் யானையை ஜி1இல் வைத்து வழியை அடைத்தார்.

அப்புறம் 14ஆவது நகர்த்தல்: கறுப்பு யானை எச்1! அதற்குக் காவலே கிடையாது. லார்சன் அதைத் தன் யானையால் வெட்டியதும், கறுப்புச் சிப்பாய் ஜி2க்கு இறங்கி அந்த யானையைத் தாக்குகிறது. யானை எஃப்1க்கு ஒதுங்க, ராணி எச்4இல் செக். ராஜா டி1க்கு ஓட, சிப்பாய் யானையை வெட்டி ராணியாகிறது. அந்த நேரம்வரை வெள்ளையின் பி1 குதிரையும் ஏ1 யானையும் ஒரு கட்டம்கூட அசையவில்லை.

பி3 மோசமான ஓப்பனிங், அதாவது ஆட்டத் தொடக்கம், என்று நான் சொல்லவே மாட்டேன். அந்த ஓப்பனிங்கின் பெயரிலேயே லார்சன் இருக்கிறார். அடுத்த சுற்றில் அதே ஸ்பாஸ்கியை அவர் ஜெயிக்கவும் செய்தார்.

வகுப்பில் ஒன்பதாவது நகர்த்தலோடு பலகையை நிறுத்தி, "வெள்ளைக்கு நீ என்ன ஆடுவே?" என்று கேட்பேன். பாதிப் பேர் எஃப்4 என்பார்கள். அவர்களை எழுப்பிக் கறுப்புப் பக்கம் உட்கார வைப்பேன். ஜி4 குதிரையை அவர்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.